முதலில் சூடு, அப்புறம்தான் பால்

வைக்கோல்போரில் கிடந்த பூனைக்குட்டிகளை ஒரு தம்பி எடுத்துக் காப்பாற்றுவதாக, எல்லாரும் ஹார்ட் விட்டுப் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த வீடியோ பற்றித்தான். அந்தத் தம்பிக்கு இரக்க மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் மழையில் நனைந்து விறைத்துக் கிடந்த குட்டியை மல்லாத்திப் பிடித்து, பாலாடையில் பசும்பால் புகட்டினாரே, அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடைசியில் அதன் மூக்கில் பால் நுரைத்து வந்ததை ஒருத்தர்கூடவா கவனிக்கவில்லை? பால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்பதற்கு அடையாளம் அது. அடுத்து நிமோனியா வரலாம்.

விறைத்த குட்டிக்கு முதலில் சூடு. சுண்டுவிரல் நுனியை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூட ஆகாது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெம்பிருக்காது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு தாங்காவிட்டால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள். பாட்டில் ஆறினால் உடனே மாற்றுங்கள். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே உறிஞ்சிவிடும். ஐப்பசி அடைமழையில் நம் பக்கம் எத்தனையோ குட்டிகள் பட்டினியால் அல்ல, குளிரால்தான் சாகின்றன.

சூடு ஏறிய பிறகுதான் பால். பூனைக்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் இருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம் பெட் ஷாப்களில் கேளுங்கள், இல்லையென்றால் ஆன்லைனில் வாங்குங்கள். கைக்கு வரும்வரை ஓரிரு வேளைக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான், அது உணவாகாது. நூறு கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி போதும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. தாயிடம் குடிக்கிற மாதிரி குப்புறப் படுத்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பக்கம் மெதுவாகத் தடவிவிட வேண்டும். மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம்கூடப் போகத் தெரியாது. சமையலறைத் தராசில் தினம் நிறுங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஒருநாள் ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் ஓடுங்கள்.

"எங்க அப்பாயி காலத்துல பசும்பால் குடிச்சுத்தான் வளந்துச்சு"ன்னு வருவீர்கள், தெரியும். அந்தக் குட்டிகள் தாயிடம் குடித்துவிட்டு, கூடவே கொட்டாங்குச்சியில் கொஞ்சம் நக்கின. தாயில்லாத பச்சைக்குட்டிக்கு அதுவே வயிற்றுப்போக்கு, ஒரே நாளில் நீர் வற்றிவிடும். செத்தவற்றை யார் கணக்கு வைத்தார்கள்?

"அப்போ பார்த்துட்டு சும்மா போகச் சொல்றீங்களா"ன்னு கேட்பவர்களுக்கு: ஆமாம், சில நேரம் சும்மா போகத்தான் வேண்டும். குட்டி கொழுகொழுவென்று, சுத்தமாகத் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இரை தேடுகிறது. இடம் மாற்றும்போது அது ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். சுற்றி மணலைப் பரப்பிவிட்டு, சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள், தாய் வந்து போயிருந்தால் காலடி விழுந்திருக்கும். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பதும் பொய். அழுக்காக, வயிறு ஒட்டி, ஓயாமல் கத்தினால் தயங்காமல் எடுங்கள். எடுத்ததும் என்ன செய்ய வேண்டும்? சூடு. மறுபடியும் சொல்கிறேன், சூடு.

அடுத்து தத்து. அதே வீடியோவில், கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டிகளை அங்கேயே ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்ததற்கும் கைதட்டல். எட்டு வாரம் நிறையாமல் கொடுக்கவே கூடாது. அதற்குள் குடற்பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் ஆகியிருக்க வேண்டும். உண்ணிக்கு நாய் மருந்தைத் தடவுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு விஷம்.

இதைவிட வலிக்கிறது ஒன்று. ஆசையாக வாங்கிப்போய், பெண் குட்டி என்று தெரிந்ததும் மீன் மார்க்கெட்டிலோ படித்துறையிலோ விட்டுவிட்டு வருகிறீர்களே, ஏன்? பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். குட்டி போட்டுப் பெருகிவிடும் என்ற பயம் புரிகிறது. நாலு மாதத்திலேயே சினைபிடிக்கலாம், சினைபிடித்த இரண்டே மாதத்தில் ஈனும். அதற்கு வழி கருத்தடை. பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள், தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பெண் குட்டியைக் கேட்டு வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, கருத்தடைக்குச் சம்மதமா என்று கேட்பேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.