வல்கனில் பாதி வீடுகள் காலியா?

"கனடாவில் வல்கன் என்ற ஊரே காலி, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அரசுக் கணக்கே சொல்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஆல்பர்ட்டா மாகாணத்துச் சிற்றூர் அது. நுழைவாயிலில் விண்கல மாதிரி நிற்குமே, அதே ஊர்தான். 2016-இல் 1,917 பேர், 2021-இல் 1,769 பேர். 148 பேர் குறைந்தது நிஜம். ஆனால் அது 7.7 சதவீதம்தான்.

"பாதி" எங்கிருந்து வந்தது? வீட்டுக்கு 4 பேர் என்று வைத்து 1,769-ஐ வகுத்து, 442 வீடு போதும், அது மொத்த வீடுகளில் ஏறக்குறைய பாதிதான், மீதி காலி என்கிறது அந்தச் செய்தி. நம்ம ஊர்க் கூட்டுக்குடும்பக் கணக்கு அங்கே செல்லாது. 2021-இல் கனடாவின் சராசரி வீட்டுக்கு 2.4 பேர், தனியாள் வீடுகள் மட்டுமே 29.3 சதவீதம்.

அப்புறம், மொத்த வீடுகளுக்கும் வழக்கமாகக் குடியிருப்போர் உள்ள வீடுகளுக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் கைவிடப்பட்ட வீடுகள் அல்ல. தற்காலிகமாகத் தங்குவோரின் வீடுகளும் அதில் சேரும்.

கனடா புள்ளியியல் துறை இணையதளத்தில் 2021 கணக்கெடுப்பு விவரத்தில் வல்கன் என்று தேடினால் மொத்த வீடுகள், குடியிருப்போர் உள்ள வீடுகள் இரண்டின் எண்ணிக்கையும் அடுத்தடுத்து இருக்கும். 'வல்கன் கவுண்டி' (சுற்றுவட்டார நிர்வாகப் பகுதி) வேறு, நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள்.