முன்பக்கம் முழுக்கக் கறுப்பா? எனக்கு ஒத்துவராது

ஞாயிறு காலை செந்தூல் பக்கம் மாமாக் கடை வாசலில் நான்கு பெரிய மோட்டார் நின்றால் போதும். யாராவது ஒருவர் தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்து, "ஏண்ணே, ஹோஸ் கறுப்பு, முனை மட்டும் குரோமா? மேட்சே ஆகலையே" என்பார். கறுப்பென்றால் எல்லாம் கறுப்பு, குரோம் என்றால் எல்லாம் குரோம் என்று யாரோ சட்டமே போட்டுவிட்டார்கள். பிரேக் ஆயில் போகும் குழாயான பிரேக் ஹோஸ் விஷயத்தில் இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

முழுக்கக் கறுப்பான முன்பக்கம் என்று ஒன்று இருக்கிறதா, சொல்லுங்கள். டிஸ்க்கில் பிரேக் பேட் உரசும் இடம் எந்த மோட்டாரிலும் பளபளவென்றுதான் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் சாதாரண ஃபோர்க்கின் உள்குழாய் குரோம். ஆக, கலவை கடையிலிருந்து வரும்போதே இருக்கிறது. எங்கே கலப்பது என்பதுதான் கேள்வி.

என் கணக்கு இது. ஹேண்டில்பாரை ஒட்டி வரும் கிளட்ச் கேபிள், சுவிட்ச் வயர் எல்லாம் கறுப்பு. அங்கே பளபளக்கும் ஹோஸ் ஒன்று வந்தால் கண்ணை உறுத்தும். எனவே மேலே கறுப்பு. கீழே டிஸ்க்கும் ஃபோர்க் குழாயும் மின்னும் இடத்தில், தெளிவான உறை போட்ட ஸ்டீல் பின்னல் ஹோஸ். இரட்டை டிஸ்க் மோட்டாரில் ஹோஸ் இரண்டாகப் பிரியும் இணைப்பு இருந்தால், நிறம் மாற அதுவே சரியான இடம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் இன்னும் சுலபம், மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் எப்படியும் தனித்தனித் துண்டுகள்தான். கப்சாயில் ஒரே ஹோஸ் என்பதால் அங்கே முனையில் மட்டும்தான் விளையாட முடியும்.

கீழே தெளிவான உறை கேட்பது அழகுக்காக மட்டுமில்லை. கல்லும் மழைத்தண்ணீரும் அடிப்பது அங்கேதான். பின்னலில் ஒரு இழை அறுந்தாலும், துரு பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு உறை அதை மறைத்துவிடும். நம் வெயிலில் தெளிவான உறை கொஞ்சம் மஞ்சளாகும், ஆகட்டும்.

உறையே இல்லாத வெறும் பின்னலை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அது அரம் போல அறுக்கும். ஒரு தம்பியின் மோட்டாரில் பார்த்தேன். மட்கார்டு விளிம்பில் பெயின்ட் போய்த் தகரம் தெரிந்தது, பின்னலுக்குள் சிவப்புத் தூள் அப்பியிருந்தது. புது ஹோஸ் போட்டதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முழுக்க நீளவிட்டுப் பாருங்கள். எங்கே உரசுகிறது, எங்கே இழுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வெளி நிறத்துக்கும் பிரேக் பிடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அழுத்தத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாயும் அதைச் சுற்றிய பின்னலும். ரப்பர் ஹோஸைவிட அது குறைவாக உப்புவதால்தான் லீவர் கெட்டியாகத் தெரிகிறது. கார்பன் டிசைன் போட்டதில் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

முனைகளில் என் ஓட்டு ஸ்டெயின்லெஸ்ஸுக்குத்தான். சாயம் ஏற்றிய சிவப்பு அலுமினிய முனை வெயிலில் ரோஸ் ஆகிவிடும். பினாங்கில் கடலோரம் ஓட்டுபவர்களுக்கு அதோடு உப்புக் காற்றும். அலுமினியமும் எஃகும் ஒட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தூள் பூக்கும்.

நிறத்தை எப்படி வேண்டுமானாலும் கலக்கலாம், மரையைக் கலக்க முடியாது. ஹோஸ் முனையை இறுக்கும் பேஞ்சோ போல்ட்டில், மரை இடைவெளி மட்டும் மாறும் எம்10×1.0, எம்10×1.25 என்று இரண்டு வகை பரவலாக உண்டு. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தப்பானதை மல்லுக்கட்டி முறுக்கினால் லீவர் பக்கம் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் மரை போய்விடும். முனையின் இரு பக்கமும் செம்பு வாஷர் புதிதாகப் போடச் சொல்லி போர்மன் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பிரேக் ஆயில் வகை டாட் 4 என்றால் டாட் 4-தான். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ அதோடு சேர்க்கவே கூடாது. டாட் 4 ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டியது, ஈரம் ஏறிய பிறகு 155-லேயே கொதிக்கலாம். உலு யாம் மலைப்பாதை இறக்கத்தில் ஆயில் கொதித்து லீவர் பொதபொதவென்று போனால் ஹோஸின் நிறமா காப்பாற்றும்? பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும்.

அப்புறம், பின்பக்க ஹோஸ் என்ன நிறம் என்று கேட்காதீர்கள். அது கம்பெனி ரப்பர்தான், மாற்றுவதாகவும் இல்லை.