ஒரு மாத்திரை தவறினால் கர்ப்பம் நிச்சயமா?

“கருத்தடை மாத்திரை ஒருநாள் விட்டாலே கர்ப்பம் நிச்சயம். மிச்ச அட்டையை எறிந்துவிடுங்கள்.” திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் இது. பிழை. இதில் ஆபத்தே அந்த எறிவதில்தான்: ஹோர்மோன் நின்றால் சூலகம் விழித்து முட்டையை வெளியிடலாம்.

இரு ஹோர்மோன் கலந்த வழமையான 28 மாத்திரை அட்டையில் ஹோர்மோன் உள்ளவை 21 தான். கடைசி 7 பெரும்பாலும் மண்ணிற இரும்புச்சத்து மாத்திரைகள். அவை தவறினால் பரவாயில்லை. புது அட்டையைப் பிந்தித் தொடங்கினால்தான் சிக்கல்.

ஹோர்மோன் மாத்திரை ஒன்று தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள், அன்றே இரண்டு போட நேர்ந்தாலும் சரி. வேறு பாதுகாப்பு தேவையில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாக விட்டதை மட்டும் போட்டு, வழமைபோலத் தொடர்ந்து, 7 நாள் ஆணுறை பாவியுங்கள். அது மூன்றாம் வாரமென்றால் மண்ணிறத்தை விட்டுவிட்டு நேரே அடுத்த அட்டை. முதல் வாரமென்றால், கடந்த 5 நாளுக்குள் உறவும் இருந்திருந்தால், அவசர கருத்தடை பற்றி மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உடனே கேளுங்கள்.

போட்டு 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள். மாத்திரை பாவிப்பவருக்கு மாதவிடாய் குறைவாகப் படுவது வழமை. சந்தேகம் தீராவிட்டால் உறவுக்கு 21 நாளுக்குப் பின் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம். அதற்கு முன் ‘இல்லை’ என்று வந்தாலும் நம்ப முடியாது.