லிங்க் கொடுத்தவள் திருடியா?

ஜெர்மனியில் சின்ன ஆன்லைன் கடை நடத்தும் என் தோழிக்கு, லிங்க் கொடுத்ததற்காக வந்த வக்கீல் கடிதத்தைப் பற்றி முந்தாநாள் எழுதியதிலிருந்து வருகிற பதில்களில் பாதி, "சட்டம் தெரியாதவளுக்கு ஆன்லைன் கடை எதற்கு?" என்றுதான் இருக்கிறது. கடைக்காரத் தோழியும் அதையெல்லாம் படிக்கிறாள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். அவள் யாருடைய படத்தையும் எடுத்துப் போடவில்லை. தான் விற்கும் ராகி மாவுக்குக் கீழே ஒரு சமையல் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தாள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்காரர் வேறு யாரோ எடுத்த படத்தை அனுமதியில்லாமல் போட்டிருக்கிறார். அதற்கு இவளுக்குக் கடிதம், பணமும் கேட்டு.

"ஐரோப்பாவில் லிங்க் கொடுப்பது குற்றமில்லையே" என்பவர்கள் 2014-லேயே நிற்கிறார்கள். உரிமையாளரே எல்லோருக்கும் திறந்து வைத்த பக்கத்துக்கு லிங்க் கொடுக்க யாரையும் கேட்க வேண்டாம் என்று ஸ்வென்சன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2016 செப்டம்பரில் ஜிஎஸ் மீடியா வழக்கு வந்தது. பிளேபாய் பத்திரிகைக்காக எடுத்து இன்னும் வெளியாகாத படங்களுக்கு ஒரு டச்சு இணையதளம் லிங்க் கொடுத்தது, எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு இரக்கமே கிடையாது. ஆனால் அந்த வழக்கில் பிறந்த விதி எல்லோர் தலையிலும் விழுந்தது. லாப நோக்கத்தோடு லிங்க் கொடுப்பவருக்கு, அங்கே இருப்பது அனுமதியில்லாதது என்று தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அதே வருஷம் நவம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றம் இதை, தன் தளத்தில் தானே தயாரித்த பாடங்களை விற்ற ஒருவருக்குப் பொருத்தியது. அந்த லிங்க்கால் அவருக்குக் காசு வந்ததா என்பது பொருட்டே இல்லை, தளத்தில் வியாபாரம் நடந்தால் போதும் என்றது. 2017-இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த அனுமானத்திலிருந்து தேடுபொறிகளை விடுவித்தது. கோடிக்கணக்கான லிங்க்குகளை யாரால் சரிபார்க்க முடியும் என்பது நியாயமான கேள்விதான். தனியாளாகப் பொட்டலம் கட்டுகிற பெண்ணால் மட்டும் முடியுமா?

"புகைப்படக்காரர் பிழைக்க வேண்டாமா?" வேண்டும். படத்தைத் திருடிப் போட்டவரைப் பிடியுங்கள். அவரைப் பிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் முகவரி கிடைக்காது. ஜெர்மனியில் கடை வைத்தவர் 'இம்ப்ரெஸும்' என்ற விவரப் பக்கத்தில் பெயர், முகவரி எல்லாம் போட்டாக வேண்டும். சட்டப்படி நடந்தவள்தான் கையில் சிக்குகிறாள். முதலில் ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருந்தால் அன்றைக்கே லிங்க்கை எடுத்திருப்பாள். நான் கேட்பது அவ்வளவுதான்: முதலில் சொல்லுங்கள், எடுக்காவிட்டால் அப்புறம் வழக்குப் போடுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். ஜெர்மன் நாளிதழ்களின் தலைப்பையும் முதல் இரண்டு வரிகளையும் போட்டு, கீழே தமிழில் விளக்கம் எழுதும் தளம் ஒன்றை நடத்தினேன். ஓரத்தில் சின்ன விளம்பரம், சர்வர் செலவுக்கு. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமை நெறிமுறை வந்தது. பத்திரிகைச் செய்தியை இணையச் சேவைகள் எடுத்துப் போடப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிற அதன் 15-ஆம் பிரிவு, லிங்க்கை விட்டுவிடுகிறது, 'தனிச் சொற்களையும் மிகச் சிறு பகுதிகளையும்' விட்டுவிடுகிறது. மிகச் சிறு பகுதி என்றால் எத்தனை சொல்? நெறிமுறையில் எண் இல்லை. நான் கேட்ட வக்கீலாலும் சொல்ல முடியவில்லை. மூடிவிட்டேன். இங்கே புதிதாக வந்து மொழி தெரியாமல் தவித்தவர்கள் படித்துக்கொண்டிருந்த தளம் அது.

"கூகுளை அடக்கத்தானே இந்தச் சட்டம்?" அடங்கியதா? இதற்கு முன்பே இதே மாதிரிச் சட்டங்கள் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் வந்தன. ஸ்பெயினில் 2014-இல் கூகுள் தன் கூகுள் நியூஸை மூடியது, 2022-இல் திறந்தது. ஜெர்மனியில் அக்ஸல் ஸ்பிரிங்கர் என்ற பெரிய பத்திரிகை நிறுவனம், தன் செய்திகளின் சுருக்கத்தைக் கூகுள் காட்டக் கூடாது என்று நின்று பார்த்தது. இரண்டு வாரத்தில் கூகுள் நியூஸ் வழியே வந்த வாசகர்கள் ஏறக்குறைய 80 சதவீதம் குறைய, இலவசமாகவே அனுமதி கொடுத்தது. பிரான்ஸ் 2021-இல் 50 கோடி யூரோ அபராதம் போட்டது, கூகுள் இன்றும் நடக்கிறது. பெரியவர்கள் பேரம் பேசுவார்கள், மூடுவார்கள், திறப்பார்கள். நாங்கள் ஒரு தடவை மூடினால் மூடியதுதான்.

ஒருவர் "பிடிக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதானே" என்று எழுதியிருக்கிறார். நம் ஆள்தான், தமிழில்தான் எழுதியிருக்கிறார். இங்கே வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், இந்த நாட்டுச் சட்டம் தவறு என்று சொல்ல எங்களுக்கும் உரிமை இருக்கிறது. அதை ஜெர்மன்காரர் யாரும் மறுக்கவில்லை.

இதே மாதிரிக் கடிதம் வந்து பயந்துபோய் உள்பெட்டியில் எழுதியவர்களுக்கு: கூட வந்திருக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். மீறினால் அபராதம் கட்டுவேன் என்று அதில் இருக்கும், பல வருஷம் கழித்தும் உங்களைப் பிடிக்கும். கெடு தேதியைத் தவறவிடாமல், அதற்குள் பதிப்புரிமை வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். தோழி வெள்ளிக்கிழமை போகிறாள், நானும் கூடப் போகிறேன்.