சோதனைக் காலத்தில் கவுன்சில் வீட்டை இழப்பது குறித்து

இங்கிலாந்தில் கவுன்சில் வீடு (உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீடு) பெற்றவரை, சோதனைக் காலமான முதல் ஆண்டில் காரணமே சொல்லாமல் வெளியேற்றலாம் என்று சிலர் கூறுவது சரியன்று. 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, கவுன்சில் தன் காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். அது கிடைத்த 14 நாள்களுக்குள் வாடகைதாரர் அந்த முடிவை மறுஆய்வு செய்யுமாறு கவுன்சிலைக் கோரலாம். அதற்குப் பிறகும் நீதிமன்ற ஆணையின்றி எவரையும் வெளியேற்ற இயலாது. ஆயினும், இந்த நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருந்தால், வாடகை நிலுவை சிறிதா பெரிதா என்பதை எடைபோடும் வாய்ப்பு நீதிபதிக்குப் பெரும்பாலும் இல்லை என்பதால், மறுஆய்வைக் கோராமல் விடுவதே உண்மையான ஆபத்து என்பது என் கருத்து. ஓராண்டு முடிந்ததும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் தவறு: கவுன்சில் சோதனைக் காலத்தை 6 மாதம் நீட்டித்திருந்தாலோ வழக்குத் தொடுத்திருந்தாலோ தவிர, வாடகை உரிமை பொதுவாகத் தானாகவே நிலையான பாதுகாப்பு பெறும்.