மூன்று வரி ரீட்மீ போதுமாம்!

நேற்று குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் புலம்புகிறேன் என்று தெரியும். கமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினியை ஏஐ ஏஜெண்ட் (நாம் சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ) இயக்குவதற்கான கருவிக்கு நான் எழுதி வைத்திருந்த கையேட்டை மொத்தமாகத் தூக்கிவிட்டு, மூன்றே வரியில் ஒரு ரீட்மீ (முதலில் படிக்க வேண்டிய குறிப்பு) போட்டிருக்கிறார் ஒரு தம்பி. "ஏஜெண்ட் புரோகிராம் கோட் எல்லாம் படிச்சு தானே புரிஞ்சுக்கும் ப்ரோ" என்று ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. அதற்கு லைக் குவிகிறது.

சரி, அந்தப் பொம்மைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஏஜெண்ட் எங்கே அய்யா கோடைப் பார்க்கிறது? எம்சிபி (ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது முறை) வழியாக வருகிற ஏஜெண்டுக்குக் கையில் கிடைப்பது கருவியின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல். அவ்வளவுதான். கமடோர் நினைவகத்தின் 53280-ஆம் இடத்தில் எண்ணை மாற்றினால் திரை ஓரத்தின் நிறம் மாறும் என்று அதற்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். 1982-இல் வந்த மெஷின், அதைப் பற்றி இணையம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் நம் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பது நாம் எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும்.

வைஸ் எமுலேட்டர் என்பது இன்றைய கணினியில் பழைய கமடோரைப் போலவே ஓடும் மென்பொருள். வெளியிலிருந்து அதைக் கட்டுப்படுத்தும் வாசலான பைனரி மானிட்டருக்கு (போர்ட் எண் 6502, கமடோர் சிப் குடும்பத்தின் பெயரும் அதுவே; வைத்தவருக்கு நல்ல குசும்பு) ஒரு கட்டளை அனுப்பினால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அப்படியே நின்றுவிடும். 'தொடர்ந்து ஓடு' என்று தனியாகச் சொன்னால்தான் மறுபடி ஓடும். நம் கருவி அதைத் தானாகச் சொல்வதில்லை. இது தெரியாத ஏஜெண்ட் திரையைப் படிக்கும். மாற்றம் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி படிக்கும். மாற்றம் இல்லை. "உங்கள் புரோகிராம் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டது" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, நன்றாக இருந்த புரோகிராமைத் திருத்த உட்கார்ந்துவிடும். கண்ணால் பார்த்தேன். திரை நினைவகத்தில் 1024-ஆம் இடத்தில் 65 போட்டுவிட்டு, மற்ற கணினிகளில் 65 என்றால் 'ஏ' என்பதால், 'ஏ' எழுத்து வந்துவிட்டதாகச் சத்தியம் செய்ததையும் பார்த்தேன். அங்கே நின்றது சீட்டுக்கட்டு ஸ்பேடு. அடித்த எழுத்துகள் காத்திருக்கும் விசைப்பலகை பஃபரில் பத்து எழுத்துதான் கொள்ளும் என்பதை அது மறந்ததைத் தனியாகச் சொல்லவில்லை. எழுதி வைக்காவிட்டால் இதுதான் நடக்கும்.

எண்பதுகளில் கிளாஸ் என்ற அரசின் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற கணினியைக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெஷினுக்கு உறை, உறைக்கு மேல் ஒரு துண்டு. கூட வந்த கையேடு மட்டும் பீரோவுக்குள். கேட்டால், "கிழிச்சிடுவீங்கடா." விடியு 7 என்று அடித்தால் பீப் சத்தம் வரும் என்று ஒரு சீனியர் அண்ணன் சொல்லிக் கொடுத்தார், வருஷம் முழுக்க பீப் அடித்தே கழித்தோம். அந்தப் பெட்டியில் நாலு சேனல் சவுண்ட் இருந்தது என்பது நான் வேலைக்குப் போன பிறகு தெரிந்த விஷயம். இன்னும் வயிறு எரிகிறது.

"நீளமா இருந்தா டோக்கன் செலவு" என்பீர்கள், அதாவது ஏஐ படிக்கும் ஒவ்வொரு சொல் துண்டுக்கும் கணக்கு. நியாயம், சுருக்கித் தருகிறேன். சுருக்கச் சொல்லவில்லையே நீங்கள், தூக்கிப் போட்டீர்கள்.

"டாக்குமெண்டையும் ஏஐயே எழுதுமே" என்று ஒருவர். எழுதியதைத்தான் காட்டினீர்களே! 'நினைவகத்தைப் பாதுகாப்பாகப் படிக்கலாம்' என்கிறது. பாதுகாப்பாகவாம். நிஜ மெஷினில் 56333-ஆம் இடத்தைப் படித்தாலே அதிலிருந்த இன்டரப்ட் குறிகள் (பிராசசரை அழைத்தது எது என்று காட்டுபவை) அழிந்துவிடும். அதனால்தான் வைஸில் பக்கவிளைவு வேண்டுமா வேண்டாமா என்று கேட்க ஒரு பைட்டே வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பழைய பெட்டிதானே, என்ன ஆகிடும்?" கமடோர் 64-க்கு முந்தைய கமடோர் பெட் (PET) கணினிக்கும் இதே கருவியைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது யார்? அதில் போக் (நினைவகத்தில் எண்ணை எழுதும் கட்டளை) 59458,62 என்று அடித்தால் பழைய மாடலில் திரை வேகமாகும். பிந்தைய மாடலில் வன்பொருளே கெட்டுப்போகலாம். ஏஜெண்ட் எங்கேயோ படித்த நினைப்பில் இதை அடித்துவிட்டால் யார் புது பெட் வாங்கித் தருவது?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கையேட்டோடு சேர்த்துப் பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரையும் எடுத்திருக்கிறீர்கள். 'கோட் எதுவும் இல்லை' என்று காரணம். ஒரு மாறியின் பெயரை மாற்றியவர் பட்டியலில் இருக்கிறார். கோட் அடித்தால் இன்ஜினியர், அதை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதினால் டைப்பிஸ்டா? ராத்திரி ராத்திரியாக அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையையும் அடித்துப் பார்த்து எழுதியது. "நல்லா இருக்குண்ணா" என்று அன்றைக்கு இன்பாக்ஸில் வந்தவர்கள் யாரும் நேற்று வாயைத் திறக்கவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பழைய கையேடு என் கிளையில் (திட்டத்தின் என் தனிப் பிரதியில்) அப்படியே இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பெயர் விஷயம் பேச வேண்டுமென்றால் போன் பண்ணுங்கள். கமெண்டில் வந்து "கூல் அண்ணா" போட வேண்டாம்.