பால் மறந்தால் போதுமா?

"கண்ணு திறந்துடுச்சு, தத்தித் தத்தி நடக்குது, இனி என்னங்க, கொடுத்துட வேண்டியதுதானே?"

பூனை குட்டி போட்ட வீட்டுக்காரர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சேலத்தில், அதுவும் அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை மாதிரி தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில், பூனைக்கு எப்போதும் இடம் உண்டு. நூலையும் தறியில் கட்டிய பாவு நூலையும் எலி கடித்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? அதனால் ஒரு வீட்டில் பூனை குட்டி போட்டால் தெருவே முன்கூட்டிச் சொல்லி வைத்துவிடும். குட்டி நல்ல வீட்டுக்குப் போவதில் எனக்கு என்ன வருத்தம்? எத்தனை நாள் குட்டியாகப் போகிறது என்பதில்தான் சண்டையே.

என் கட்சி இதுதான். இரண்டு மாதம் முடியாத குட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் வரை தாயோடு வைத்திருக்க முடிந்தால் அதுதான் சரி. 'பால் மறந்துடுச்சா' என்று மட்டும் பார்த்துக் கொடுப்பது பாதிக் கணக்கு.

கண் திறந்ததை வைத்து முடிவு செய்வது பாதிக் கணக்குகூட இல்லை. பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் கண் திறந்துவிடும். உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ள அப்போது அதற்குத் தெரியாது. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தால்தான் உயிர். மூன்று வாரம் ஆனால் பல் எட்டிப் பார்க்கும். நாலாவது வாரத்தில் தாயின் தட்டில் மூக்கை விட்டுத் தும்மும், மெல்ல மெல்லச் சாப்பாட்டை நக்கப் பழகும். பால் முழுதாக மறக்க எட்டு வாரம் ஆகும். நம் ஆட்களோ 30 நாளிலேயே 'சோறு தின்னுது' என்று கட்டைப்பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஐந்தாவது வாரத்துக்கு அப்புறம் ஒரு தாயையும் குட்டிகளையும் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றின் காதை இன்னொன்று கவ்வும். கடிபட்டது வீல் என்று கத்தி, பின்னங்காலால் உதைத்துவிட்டு, விளையாட்டே வேண்டாம் என்று தறிக்குழிக்குள் இறங்கிவிடும். கடித்தது என்ன ஆயிற்று என்று புரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி சேருவார்கள். இந்த முறை பல் அவ்வளவு அழுத்திப் பதியாது. தாயின் வாலைக் கடித்தால் பாடம் இன்னும் சுருக்கம். முன்னங்காலால் கழுத்தை அமுக்கிப் பிடித்து, அடங்கும் வரை விடாது. அப்புறம் கரப்பான், பல்லி, சில நாள் அரை உயிரோடு ஒரு சுண்டெலி. கொண்டுவந்து நடுவில் போட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்து பார்க்கும். மண்ணைப் பறித்து மூடுகிற வேலையும் தாயின் பின்னாலேயே போகிற குட்டிக்குச் சுலபமாக வந்துவிடும்.

30 நாளில் வந்த குட்டிக்கு இந்தப் பாடமெல்லாம் எங்கே? நம் கைதான் அதற்கு அண்ணன் தம்பி. குட்டியாக இருக்கும்போது கடித்தால் சிரிப்போம், வீடியோ எடுப்போம். ஆறு மாதம் கழித்து அதே விளையாட்டில் குழந்தையின் கணுக்காலில் பல் இறங்கும்போது 'திமிர் பிடிச்ச பூனை' என்று பெயர் வைத்து, சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருவோம். போர்வையையும் சட்டை நுனியையும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருக்கிற பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். சீக்கிரமே தாயைப் பிரிந்தவற்றிடம் அந்தப் பழக்கம் அடிக்கடி தென்படும்.

நானாக உருவாக்கிய கொள்கை இல்லை இது. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5,700-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயைப் பிரிந்த பூனைகளிடம் முரட்டுத்தனம் அதிகம் என்று கண்டார்கள். குறைந்தது 14 வாரம் தாயோடு விடுங்கள் என்பது அவர்கள் யோசனை. வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்துச் செய்ததுதான், கல்வெட்டு இல்லை. ஆனால் வீட்டில் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. இங்கிலாந்தில் ஜாதிப் பூனைகளைப் பதிவு செய்கிற ஜிசிசிஎஃப் அமைப்பும் 13 வாரம் என்றுதான் சொல்கிறது. நம் நாட்டிலேயே 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பூனைத் தாய் மட்டும் என்ன பாவம் செய்தது?

இதற்கு எங்கள் தெருவில் வருகிற பதில், "மூணு மாசம் விட்டா கையில சிக்காதுங்க, காட்டுப்பூனை ஆயிடும்." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும்தான் குட்டி மனிதர்களோடு மிகச் சுலபமாகப் பழகும். அந்தக் காலம் முழுக்க மனித வாசனையே படாமல் பரணில் கிடந்தால் அப்புறம் பழக்குவது பெரும்பாடு. ஆனால் அதற்காகத் தாயிடமிருந்து ஏன் பிரிக்க வேண்டும்? தாய் இருக்கிற வீட்டிலேயே தினமும் கையில் எடுத்துப் பழக்கலாமே. குழந்தைகள் தூக்கட்டும், தாத்தா மடியில் போட்டுக்கொள்ளட்டும், மிக்ஸி ஓடட்டும், குக்கர் விசில் அடிக்கட்டும். மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் வீட்டுப் பூனை விஷயத்தில் சும்மா பயம். ரொம்பத் தொந்தரவு செய்தால் இடம் மாற்றும், அவ்வளவுதான். அதைத்தான் ஏழு வீடு மாறும் என்கிறோம்.

"பெரிசாயிட்டா யாரும் எடுக்க மாட்டாங்க" என்பது இன்னொரு கவலை. மூன்று மாதக் குட்டியையே பெரிசு என்று வேண்டாம் என்பவர், பத்து மாதப் பூனையை என்ன செய்வார்? அவருக்குக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் பெயர், கடை பெயர் வேண்டாம். 'ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சு சார், ப்ளூ ஐஸ் பெர்ஷியன்' என்று கூடுதலாகப் பணம் கேட்டார்கள் ஒரு கடையில். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, நிற்கும்போது பின்னங்கால் ஆடுகிறது. எல்லாப் பூனைக்குட்டிக்கும் முதலில் கண் நீலம்தான். ஆறு ஏழு வாரத்தில்தான் சொந்த நிறம் வரத் தொடங்கும். எனவே நீலக் கண்ணைக் காட்டி விலை ஏற்றினால், பெரும்பாலும் குட்டி இன்னும் பால்குடி என்றுதான் அர்த்தம். எட்டு வாரக் குட்டி சுமார் முக்கால் கிலோவாவது இருக்கும், கடைவாய்ப் பல்லும் வந்திருக்கும். வாயைத் திறந்து பாருங்கள், தராசில் வையுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தடுப்பூசியும் இதோடு சேர்ந்ததுதான். பிறந்ததும் குடித்த சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி வாரம் போகப் போகக் குறையும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்றாவது மாதத்தில். ஊசி ஒன்றுகூடப் போடாத குட்டியை ஏற்கெனவே பூனைகள் இருக்கிற வீட்டுக்குள் விட்டால், கக்கலும் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் போய்விடக்கூடும்.

இனி ஏற்காடு. காபிப் பழம் பறிக்கிற டிசம்பர், ஜனவரிக் குளிரில் எஸ்டேட் குடோனில் மூட்டைக்குப் பின்னால், தொழிலாளர் லைன் வீட்டு விறகடுக்கில் எல்லாம் பூனை குட்டி போட்டிருக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சாலையோரம் ஒரு குட்டி தனியாகக் கத்துவதைப் பார்த்ததும் 'ஐயோ, அநாதை' என்று காரில் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். திரும்பி வந்தால் குட்டி இருக்காது. அது 20 கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாசத்தோடு ஒரு கிண்ணம் பசும்பால். அந்தப் பால் அதற்குச் செரிக்காது. கழிச்சல் வந்தால் அந்த உடம்பில் தாங்குவதற்குத் தண்ணீரே கிடையாது.

குட்டி கொழுகொழுவென்று சுத்தமாக இருந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். உடம்பு சில்லிட்டு, தாய் வரவே இல்லை என்றால் எடுக்கத்தான் வேண்டும். அப்போது வயது பார்க்க முடியாது. முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றணும், பால் அப்புறம்தான். சில்லிட்ட குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. பாலும் குட்டிப் பூனைகளுக்கென்றே விற்கிற பால் பவுடராக இருக்கட்டும். முடிந்தால் அதே வயதுக் குட்டிகளோடு இருக்கிற வேறொரு தாயிடம் விட்டுப் பாருங்கள். பல தாய்ப்பூனைகள் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்.

கொடுப்பவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். நாலு குட்டி மூன்று மாதம் சாப்பிட்டால் மீன் செலவு என்ன ஆகும், வீடு என்ன ஆகும் என்று. தறி வீட்டில் இன்னொரு தலைவலி, இழுத்து விளையாடுகிற நூலை விழுங்கிவிடும், குடல் சுருட்டிக்கொள்ளும். வெளியே நுனி தெரிந்தால் பிடித்து இழுக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடணும். ஆனால் அவசரப்பட்டுத் தள்ளிவிடுவதற்கு முக்கியக் காரணம் செலவுகூட இல்லை, அடுத்த ஈடு, அதாவது அடுத்த பிரசவம். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். போன ஈட்டுக் குட்டி வீட்டில் இருக்கும்போதே அடுத்தது வந்துவிடுமே என்ற பயத்தில்தான் ஒரு மாதத்திலேயே ஆள் தேடுகிறோம். இதற்கு வழி குட்டியிடம் இல்லை, தாயிடம் இருக்கிறது. குட்டிகள் பால் மறந்து, மடி வற்றியதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். எடுத்துப் போகிறவரிடமும் பெண்குட்டி என்றால் ஐந்து மாதத்துக்குள் செய்யச் சொல்லுங்கள், நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வருவது உண்டு. ஆபரேஷன் நாள் வரை தாயை ராத்திரியில் வெளியே விடாதீர்கள். கதவு ஒரு சாண் திறந்திருந்தால் போதும், மாடிப்படியில் கடுவன் பூனை காத்துக்கொண்டிருக்கும்.